பூக்கேட்டு விட்ட தடம்

நான் பார்க்கிற வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்கும் என்னால் விளங்கச் சொல்ல முடிந்ததில்லை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் என் தங்கையின் வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "மச்சானுங்களா? அவிய ஆகாசத்துல இருந்து ஊரைப் பாத்துப் படம் போடறவிய. உங்க ஊட்டுக் கூரையில ஓடு ஒடைஞ்சாக்கூட அவியளுக்குத் தெரிஞ்சிரும், சாக்கிரதையா இருந்துக்குங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

சேலம் சூரமங்கலத்தில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். சன்னலைத் திறந்தால் ஜங்ஷனில் ரயில் அறிவிப்பது கேட்கும். வானத்திலிருந்து எடுத்த படம் திரையில் வரும். அதன்மேல் வீட்டுக்கு வீடு, கிணற்றுக்குக் கிணறு, தெருவுக்குத் தெரு நாங்கள் கோடு இழுப்போம். அந்தக் கோடுகள் எங்கெங்கோ போய்க் கடைசியில் உங்கள் போனில் வழி காட்டுகிற மேப்பாக வரும். நான் பன்னிரண்டாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்தவன். கம்ப்யூட்டர் கேட்கிற அளவுக்கு ஆங்கிலம் தெரியும். அதற்குமேல் அதுவும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மேலே இருந்து பார்த்தால் எங்கள் சீமை வேறு மாதிரி இருக்கும். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கிவைத்தது போலத் தெரியும். ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி காயப்போடுகிற களங்கள் கண் கூசுகிற வெள்ளை. மோகனூர்ப் பக்கம் கரும்புக்காடும் காவேரியும். முன்பெல்லாம் எல்லாவற்றையும் கையால் வரைந்தோம். இப்போது எந்திரமே மஞ்சள் கோட்டில் வரைந்து காட்டிவிடுகிறது. கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். சரியென்றால் ஏற்பு, தப்பென்றால் மறுப்பு. ஜவ்வரிசிக் களத்தைப் பெரிய கூரை என்று அது நினைத்துக்கொள்ளும். நான் மறுப்பை அமுக்குவேன். நாலைந்து தடவை மறுத்தால் பிறகு அந்தத் தப்பைச் செய்யாது. மனுசனைவிடத் தேவலை என்று தோன்றும்.

காலையில் உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடி அம்மனை நினைத்துவிட்டுத்தான் மௌஸைத் தொடுவேன். பக்கத்து மேசைப் பெண் கேலி செய்யும். "ஏனுங்கண்ணா, மௌஸு வரங் குடுக்குதுங்களா?" "குடுக்குது கண்ணு, மாசம் ஒண்ணாந்தேதி ஆனா" என்பேன்.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா அம்மா போனபின் எனக்கு உடன்பிறந்தவள் என்று இருப்பது ஒரு தங்கைதான். இன்றைக்கு அவளோடு எனக்கு மனசுவிட்டுப் பேச வாய் வரவில்லை. நான் இழுத்த ஒரு கோட்டில்தான் இது வந்து நின்றது.

எங்கள் குலதெய்வம் மோகனூருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். வன்னிமரத்தடியில் மூன்று கல், மண்ணில் ஊன்றிய வேல்கள், அவ்வளவுதான் கோவில். கூரை போடக் கூடாது, மதில் வைக்கக் கூடாது. அதோடு இன்னொரு கட்டும் உண்டு. உலக்கைச் சத்தம் கேட்கிற தூரத்தில் குடியிருப்பு வரக் கூடாது. அவள் தனிமையை விரும்புகிறவள். இப்போது யார் வீட்டிலும் உலக்கை இல்லைதான். ஆனாலும் கட்டு கட்டுதான் என்று அங்கே யாரும் ஒரு குடிசைகூடப் போட்டதில்லை.

கூரை இல்லாததால் எங்கள் அம்மன் எந்திரத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டாள். ஒரு பெரிய மரம், அதன் நிழல், அவ்வளவுதான் அதற்குப் புரியும். அந்த இடத்தில் கோவில் என்று முதலில் குறி வைத்தவன் நான்தான். வேலை முடிந்த நேரத்தில், உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வைத்தேன். அதற்கப்புறம் திருப்பூர், பெங்களூர் என்று போன பங்காளிப் பிள்ளைகள் யாரிடமும் வழி கேட்காமல் பொங்கலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ரோட்டிலிருந்து கோவிலுக்குப் போக என் காட்டு வரப்புதான் வழி. மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் நாங்கள் சொல்வோம். அது அப்பா வழியில் எனக்கு வந்த பங்கு. கோவிலுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின், அதாவது என் தங்கை வீட்டுக்காரரின், மேட்டாங்காடு. அவரும் அதே வரப்பில்தான் போய்வர வேண்டும். நான் சேலத்தில் இருப்பதால் என் காட்டையும் அவர்தான் உழுது விதைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் தங்கையும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் பேச்செடுத்தார்.

"மச்சான், போன பொங்கலுக்கு உங்க பெரியம்மா வரப்புல வழுக்கி உழுந்துட்டாங்க, பாத்தீங்கல்ல? கார் போற மாதிரி ஒரு தடம் உட்டா ஆவாதுங்களா?"

"அப்பா இருக்கயிலயே சாமிகிட்டப் பூக்கேட்டு, வேண்டாம்னு செவப்பு வந்துச்சே மாப்ள."

"அது அந்தக் காலமுங்க. சாமிக்கு மனசு மாறாதா என்ன? மறுக்காக் கேட்டுப் பாக்கலாம். எனக்கும் டிராக்டர் போகச் சௌரியந்தானுங்க, நான் ஒண்ணும் மறைச்சுப் பேசல. மேட்டாங்காட்டுல தென்னை வெக்கலாம்னு ஒரு ரோசனை."

மறைத்துப் பேசவில்லை என்று அவராகவே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரி ரசம் ஊற்றிக்கொண்டே, "பூக்கேட்டுட்டு எது வருதோ அதுப்படி செய்ங்களே, ஆரு மனசும் நோகாது" என்றாள். தங்கை அப்பளம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், பெரியவர்கள் பேசும்போது நடுவில் வரமாட்டாள்.

பூக்கேட்பது எங்கள் கூட்டத்தில், அதாவது ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகளுக்குள், பெரிய காரியம். வெள்ளை அரளியை ஓர் இலைத்துண்டிலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் வைத்து, ஒரே மாதிரி மடித்து, வாழைநாரால் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். அந்தப் பொட்டலங்களைப் பங்காளிகள் யாரும் கட்டக் கூடாது. நிலபுலத்தில் பங்கு உள்ளவனுக்குக் கை ஒருபக்கம் சாயும் என்று முன்னோர்கள் நினைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பெண் கட்டியவர்தான் கட்ட வேண்டும். எடுப்பது எங்கள் குடியில் பிறந்த பெண், குளித்து ஈரத்தலையோடு வந்து எடுக்க வேண்டும்.

எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. சாமி ஒதுக்கியதை மனுசன் பிரித்துப் பார்ப்பது அவளைச் சந்தேகப்பட்ட மாதிரி. எடுத்த பெண்ணே அதைக் கொண்டுபோய்க் காவேரியில் விட்டுவிட வேண்டும்.

அமாவாசையன்று கூடினோம். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டுவந்தார். பூசாரி இரண்டையும் தட்டில் வைத்து உருட்டி, கல்லின் முன்னால் போட்டார்.

"தாயே, உன்ற சன்னதிக்குத் தடம் உடலாம்னா வெள்ளையக் குடு. வேண்டாம்னா செவப்பக் குடு. எங்க மேல கோவிச்சுக்காதே."

தங்கை குனிந்து இடப்பக்கம் இருந்ததை எடுத்தாள். பங்காளி ஒருவர், "காடு போறது உன்ற அண்ணனுக்கு, நீ எதுக்குச் சாமி நடுங்கறே?" என்றார். பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பாவுக்குக் கொடுக்காத உத்தரவை எனக்குக் கொடுத்தாளே என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு எத்தனை இனிப்பாக இருந்தது என்று இப்போது சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது.

தடத்தை நானே வரைகிறேன் என்று சொன்னேன். எத்தனையோ ஊர்களுக்கு, பெயர்கூட வாயில் நுழையாத தேசங்களுக்குக்கூடக் கோடு இழுத்திருக்கிறேன். இதைப் போல ஒரு கோட்டையும் இழுத்ததில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பு ஓரமாக நடந்து நடந்து அளந்தேன். நடுவில் நின்ற ஒரு வேலமரத்துக்காகத் தடத்தை வளைத்தேன். பொங்கல் வைக்கிற வெளியில் சக்கரம் ஏறாமல் தள்ளிப் போனேன். திருப்பத்தில் கார் சிரமப்படாத அளவுக்குக் காட்டை இன்னும் கொஞ்சம் விட்டேன்.

"இதக் கலர்ல ஒண்ணு போட்டுக் குடுங்க மச்சான், கோயல்ல சட்டம் போட்டு மாட்டிரலாம்" என்றார் மாப்பிள்ளை. அதைக் கேட்டு இன்னும் உருகிப்போனேன். அந்த வாரம் தங்கை எங்கள் வீட்டில் வந்து இரண்டு நாள் இருந்தாள். என் பின்னால் நின்றுகொண்டு நான் வரைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மரங்களுக்கு நான் கலந்த பச்சையைப் பார்த்து, "இது நம்ம வன்னிமரத்துப் பச்சையேதானுங்கண்ணா" என்றாள். கோவிலுக்குச் சாதாரணக் குறி போட மனசு வரவில்லை. சின்னதாக ஒரு வேல் வரைந்தேன். வேலின் முனை கொஞ்சம் சாய்ந்து வந்தது. நிஜத்திலும் அந்த நடுவேல் சாய்ந்துதான் இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

கிராவல் மண் கொட்டித் தடம் ஆகிவிட்டது. படத்தைச் சட்டம் போட்டு மாட்டியதை மாத்திரம் நான் பார்க்கவில்லை. கேட்டபோது, "கூரையில்லாத கோயல்ல எங்க மாட்டறதுங்க, மழையில நனைஞ்சிரும்" என்றார். அதுவும் நியாயம்தானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு பல மாதங்கள் ஊருக்குப் போக வாய்க்கவில்லை. எங்களுக்குப் புதுப் படங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. ஒரு நாள் மதியம் மோகனூர்க் கட்டம் என் திரைக்கு வந்தது. சொந்த ஊர் வந்தால் யாருக்கும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொள்வேன். காவேரியிலிருந்து தொடங்கி, கரும்புக்காடுகளைத் தாண்டி, நான் போட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். தடம் சிவப்பாக, வளைவோடு, அழகாகத் தெரிந்தது. வன்னிமரம் தெரிந்தது.

மரத்துக்கு அந்தப் பக்கம் மேட்டாங்காடு இல்லை. மண்ணைச் சமமாக வழித்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் போட்டிருந்தார்கள். ஓரங்களில் வெள்ளைப் புள்ளிகளாக நட்ட கல். இரண்டு இடங்களில் வீட்டுக்குக் கடைக்கால் எடுத்திருந்தது நிழலோடு தெரிந்தது. ஒரு தென்னங்கன்றுகூட இல்லை. உலக்கைச் சத்தமா? அந்த வீட்டில் பேசினாலே அம்மனுக்குக் கேட்கும்.

எந்திரம் எல்லாவற்றையும் மஞ்சளில் வரைந்து முடித்திருந்தது. குடியிருப்புத் தெரு என்று பெயரும் போட்டிருந்தது. அடியில் ஏற்பு, மறுப்பு.

மறுப்பின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். அமுக்கினால் போதும், அந்தத் தெருக்கள் எந்தப் போனிலும் வராது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரே ஒரு விதிதான். தரையில் என்ன இருக்கிறதோ அதை வரை. உனக்குப் பிடித்ததை வரையாதே. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

"என்னங்கண்ணா, அந்தக் கட்டத்துலயே தவங் கெடக்கறீங்க?" என்றது பக்கத்து மேசைப் பெண். "உங்க ஊருங்களா?"

"ஆமா கண்ணு."

"ஊரு நல்லா டெவலப் ஆயிருச்சு போல."

ஏற்பை அமுக்கினேன். தெருக்கள் மஞ்சளிலிருந்து கறுப்பாக மாறி நிலைத்தன.

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். நாமக்கல்லில் மாறி, மோகனூர் ரோட்டில் எங்கள் ஊருக்குப் பிரிகிற முனையில் வந்து இறங்கினேன். இறங்கிய இடத்திலேயே ஒரு பெரிய ஃபிளக்ஸ் போர்டு. மனைகள் விற்பனைக்கு. அம்மன் அருளுடன், கோவில் அருகில், அகலமான வழித்தட வசதியுடன். அதன் நடுவே ஒரு வரைபடம். நான் கலந்த பச்சை. நான் வளைத்த வளைவு. முனை சாய்ந்த என் வேல்.

எங்கள் அம்மனைக் கும்பிட்டுக் கும்பிட்டு வரைந்ததை ரோட்டு முனையில் நிறுத்தி, வாங்க வாங்க என்று கூப்பிட வைத்திருந்தார்கள். வெயிலில் அதன் கீழேயே கொஞ்சநேரம் நின்றேன். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "சைட் பாக்க வந்தீங்களா? நேரா போனா நல்ல தடமுங்க" என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வீட்டு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மச்சான், வாங்க. ஏன், ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி கொண்டாந்திருப்பனே" என்றார். உள்ளே திரும்பி, "இங்க ஆரு வந்திருக்கறாங்க பாரு" என்றார். தங்கை தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொம்பைத் திண்ணைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"தென்னை எங்க மாப்ள?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஆகாசத்துல இருந்து பாத்தாச்சுங்களா? தண்ணி இல்லாத காட்டுல தென்னை எப்படி வெக்கறதுங்க? நாலு குடும்பம் ஊடு கட்டிக் குடியிருந்தா அது பாவமா?"

"உலக்கைச் சத்தம் கேக்கப்படாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இன்னிக்கு உலக்கைக்கு எங்க போறது மச்சான்? அருங்காட்சியகத்துலதான் வாங்கோணும். மிக்ஸிச் சத்தத்தச் சாமி ஒண்ணும் சொல்லாது."

"என்ற படத்தைப் போர்டுல போட்டிருக்கறீங்க. ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நல்லாருந்துச்சு, போட்டன். உங்க பேரு வரோணும்னா சொல்லுங்க, கீழ போட்டுரலாம்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இத பாருங்க மச்சான். நான் உங்க காட்டைக் கேட்டு வாங்குனனா? சாமியக் கேட்டம், சாமி வெள்ளை குடுத்துச்சு, நீங்க தடம் உட்டீங்க. சண்டை போடறதுன்னா அக்கட்டப் போயி சாமியோட போடுங்க."

அவர் சொன்னது உண்மையாகத்தான் பட்டது. வழி கேட்டோம், அவளே கொடுத்தாள். அவள் கொடுத்த வழியில் இது வந்திருக்கிறதென்றால் நான் யாரை நோவது? மனை பார்க்க ஆள் வந்திருப்பதாகப் போன் வரவும், "சாப்புட்டுட்டுத்தான் போகோணும்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சாப்பிடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். பஸ் நிற்கிற புளியமரத்தடிக்குப் போவதற்குள் தங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அண்ணா, சாமியக் கோவிச்சுக்காதீங்க."

"நான் கோவிச்சுக்க என்ன அம்மணி இருக்குது. வெள்ளை குடுத்தது அவதானே."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ரெண்டுமே வெள்ளைதானுங்கண்ணா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. எந்த இரண்டு என்று கேட்டேன்.

"ரெண்டு பொட்டலமும். மிச்ச ஒண்ண ஆத்துல உட்டனில்லீங்க? தண்ணி பட்டதும் நார் அவுந்து எலை விரிஞ்சிருச்சு. செவப்பு வரும்னுதான் பாத்துட்டு நின்னன். வெள்ளைதான் மெதந்து போச்சு."

"எப்ப?"

"அன்னைக்கேதானுங்க."

அன்றைக்கே. அதற்குப் பிறகுதான் நான் போனைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். அதற்குப் பிறகுதான் காட்டை விட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, நம்ம வன்னிமரத்துப் பச்சை என்றாள். வேல் சாய்ந்திருப்பதை எடுத்துச் சொன்னாள். இதை மட்டும் சொல்லவில்லை.

"அவருகிட்டக் கேட்டங்கண்ணா. 'உன்ற அண்ணன் ஊட்டுக்கே போயி இருந்துக்கறதுன்னா சொல்லு' அப்படின்னாரு. பொட்டப்புள்ளையக் கட்டிக்குடுத்து இத்தன வருசத்துக்கு மேல நான் எங்கண்ணா போவன்? அந்த ஊட்லதான நான் இருக்கோணும்."

"என்ற ஊட்ல ரெண்டு நாள் இருந்தியே அம்மணி."

"சொல்லத்தானுங்க வந்தன்." அவள் அழுதாள். "நீங்க படம் போடறதப் பாத்துட்டு வாயே வரலீங்க. அத்தன சந்தோசமா இருந்தீங்க."

பஸ் வந்தது. வாரேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறிவிட்டேன். சன்னல் வழியாகப் பார்க்கவும் இல்லை.

மாப்பிள்ளை செய்தது எனக்குக் கோபமாக வருகிறது. கோபம் வந்தால் திட்டிவிடலாம், நாலு பேரிடம் சொல்லிவிடலாம், ஒருநாள் ஆறியும் போகும். தங்கை செய்தது அப்படி ஆறவில்லை. அவள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் வலிக்கிறது. ஒரே தட்டில் சோறு தின்றவள், என் சந்தோசத்தைப் பார்த்துக்கொண்டே நான் ஏமாறுவதையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

என் வீட்டுக்காரி கேட்டுவிட்டுக் கொதித்தாள். "கூட்டத்தக் கூட்டிச் சொல்லுங்க. சாமிகிட்டயே பித்தலாட்டம் பண்ணுனவர உட்டுருவாங்களா?"

"சொன்னா அவர ரெண்டு வார்த்த கேப்பாங்க. அவ்வளவுதான். அவளத்தான் நிக்க வெப்பாங்க. ஆத்துலயே பாத்தவ வாய மூடிட்டாளான்னு."

பிறந்த பெண் என்ற முறையில் பொங்கலில் முதல் பானை அவளுடையது. அந்த உரிமையைப் பறித்துவிடுவார்கள். புருசன் வீட்டிலும் வாழவிடமாட்டார்கள். என் வீட்டுக்காரி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அப்பொறம் என்னத்துக்கு எங்கிட்ட மட்டும் சொன்னீங்க? இனி நானும் இத வெச்சுக்கிட்டுக் கெடக்கோணும்" என்றாள். அவள் சொல்வதும் சரிதான்.

ஆபீசில் இப்போதும் காலையில் கண்ணை மூடுகிறேன். பழக்கம். ஆனால் முன்பு போல எதையும் கேட்க வரவில்லை. அம்மன் தடம் வேண்டும் என்றாளா, வேண்டாம் என்றாளா? எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளைக் கேட்கவே இல்லையே. இரண்டு பக்கமும் ஒரே பதிலை வைத்துவிட்டு, அவள் சன்னதியில் விழுந்து கும்பிட்டு, அவள் சொன்னாள் என்று குலவை போட்டுவிட்டு வந்தோம். அவள் அங்கே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். எனக்கு ஒரு குறி காட்டியிருக்கக் கூடாதா என்று சில நாள் அவள்மேலும் வருத்தம் வருகிறது. பிறகு பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் வந்தது. அண்ணன்காரன் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துப் பிறந்த பெண்ணை அழைக்க வேண்டும். வேலை என்று சொல்லி என் மகனிடம் கொடுத்தனுப்பினேன். எங்கள் கூட்டத்தில் இப்படி யாரும் செய்ததில்லை. அவள் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாளாம்.

அன்றைக்குக் கார்கள் வரிசையாக அம்மன் பக்கத்திலேயே வந்து நின்றன. பெரியம்மா ஒரு காரிலிருந்து இறங்கி, நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் செத்துப்போறதுக்குள்ள இன்னொருக்கா அம்மனப் பாப்பனான்னு இருந்தன் சாமி. உன்ற தடத்துலதான் வந்தன். நீ நல்லா இருக்கோணும்" என்று அழுதார். சுற்றி நின்றவர்கள் புண்ணியவான் என்றார்கள். மாப்பிள்ளை எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொடுத்துக்கொண்டே, "எங்க மச்சானுக்கு மனசு அப்படிங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் அந்தக் கிழவியின் சந்தோசமும் போகும், தங்கையின் வாழ்வும் போகும். சொல்லாமல் நின்றபோது நானும் அந்தப் பொட்டலத்தைக் கட்டியவர்களில் ஒருவன் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

முதல் பானை பொங்கியதும் பூசாரி, "அண்ணனும் தங்கச்சியும் சேந்து நில்லுங்க" என்று கூப்பிட்டுத் திருநீறு பூசினார். சேர்ந்து நின்றோம். அவள் புகையில் கண் சிவந்து, வேர்த்துப்போய் இருந்தாள். அம்மாவின் புடவையைக் கட்டியிருந்தாள்.

யாருக்கும் கேட்காதபடி, "ஊட்டுக்கு வந்துட்டுப் போறீங்களாங்கண்ணா? உங்களுக்குன்னு பணியாரஞ் சுட்டு வெச்சிருக்கறன்" என்றாள்.

"பாக்கலாம் அம்மணி" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குப் பொங்கல் எடுத்துவைக்கக் குனிந்தாள். நான் நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன்.